கிர்க்பியில் கேட்ட தேதி: கடல் கடந்து படித்த இளையோரும் நம் சுதந்திரமும்



ஒரு கேள்வியோடு தொடங்குவோம். மலாயா எந்த நாளில் சுதந்திரம் அடையும் என்ற செய்தியை முதலில் கேட்டவர்கள் யார்? "மலாக்கா மக்கள். இடம் பண்டார் ஹிலிர் பாடாங். தேதி 1956 பிப்ரவரி 20" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். பாடநூல் அப்படித்தான் சொல்கிறது, தேர்விலும் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அதற்குப் பதின்மூன்று நாள் முன்பே, பிப்ரவரி 7 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குப் பக்கத்திலே கிர்க்பி என்ற ஊரில், நம் நாட்டு இளையோர் கூட்டம் ஒன்று துங்கு அப்துல் ரஹ்மானின் வாயிலிருந்தே அந்தத் தேதியைக் கேட்டுவிட்டது. அவர்களில் பலருக்கு அப்போது இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

பெக்கோக்கில் படிவம் நான்கு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தும்போது, பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், அவங்க எதுக்கு அங்க போயி படிச்சாங்க? இங்க காலேஜ் இல்லையா?" நல்ல கேள்வி. சுதந்திரப் பாடத்தையும் கல்விக் கொள்கைப் பாடத்தையும் நாம் தனித்தனி அத்தியாயமாகப் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். அவன் கேட்ட கேள்வி இரண்டையும் ஒரே இழையில் கோத்துவிட்டது. அன்று வகுப்பில் நேரம் போதவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

இன்றைக்குப் பரிமாற்ற மாணவர் என்றால் உங்களுக்குத் தெரியும். பதினாறு, பதினேழு வயதில் ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அந்த ஊர்ப் பள்ளியில் ஓராண்டு படித்துவிட்டுத் திரும்புவார்கள். இதை நடத்தும் அமைப்புகளில் பெயர் பெற்றது ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-இல், பிரான்சில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் ஆம்புலன்ஸ் படையாகத்தான் அது பிறந்தது. இரண்டாவது போரும் முடிந்த பிறகு, சண்டை போட்ட நாடுகளின் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் வாழ்ந்து பார்த்தால் நல்லது என்று எண்ணி, 1947-இல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. கிர்க்பி இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அது அரசாங்கம் அனுப்பி வைத்த ஆசிரியர் பயிற்சி. ஆனாலும் வயது ஏறக்குறைய அதேதான். வீட்டை விட்டுப் பிரிந்த ஏக்கமும் அதேதான்.

1950-களின் தொடக்கத்தில் மலாயா எப்படி இருந்தது? அவசரகாலம் 1948-இல் தொடங்கியிருந்தது. வட ஜொகூரில் நிலைமை கடுமை. லாபிஸ், பெக்கோக், பாலோ பக்கத்துக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றி உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டால் ஊரடங்கு, முள்வேலி, அரிசிப் பங்கீடு என்று கதை கதையாக வரும். காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, வெளிக்காட்டு வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போவதற்கே பல இடங்களில் தடை இருந்தது. பால் மரம் சீவப் போனவர்கள் வெறும் வயிற்றோடு வேலை முடித்து வந்த காலம் அது.

இன்னொரு பக்கம், பள்ளிக்கூடம் கேட்டு நாடே அலைமோதியது. ஜப்பானியர் காலத்தில் படிப்பை இழந்தவர்கள் பலர். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளும் பள்ளி வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. இந்த நேரத்தில்தான் 1951-இல் பார்ன்ஸ் அறிக்கை வந்தது. மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் எல்லாரும் சேர்ந்து படிக்கும் தேசியப் பள்ளி வேண்டும், தாய்மொழிப் பள்ளிகள் படிப்படியாக அதற்குள் கரைய வேண்டும் என்பது அதன் சாரம். சீனர் தரப்பிலிருந்து பென்-வூ அறிக்கை எதிர்க்குரலாக எழுந்தது. இந்தியர்களும் பார்ன்ஸ் அறிக்கையை ஏற்கவில்லை. ஆனாலும் 1952-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பெரும்பாலும் பார்ன்ஸ் வழியிலேயே போனது. ஒரு வகுப்பில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழையோ சீனத்தையோ மூன்றாம் மொழியாகச் சொல்லித் தரலாம் என்று அந்தச் சட்டம் ஓர் இடம் விட்டது. பி.ஓ.எல். வகுப்பு என்று நம் மூத்த ஆசிரியர்கள் சொல்வது இதிலிருந்து வந்ததுதான்.

சட்டம் போட்டாயிற்று. கற்பிக்க ஆள் எங்கே? இங்கே புதிய கல்லூரி கட்டி, விரிவுரையாளர்களைக் கப்பலில் கொண்டுவருவதைவிட, மாணவர்களை அங்கே அனுப்புவது விரைவான வழியாகத் தெரிந்தது. லிவர்பூலுக்கு அருகில் கிர்க்பியில் போர்க்காலத்தில் ஒரு பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கியது. அதன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய விடுதிக் கட்டடங்கள் போர் முடிந்ததும் காலியாகக் கிடந்தன. அவைதான் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஆயின. எழுத்தில் கிர்க்பி என்று இருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வது 'கெர்பி' என்றுதான். நடுவில் இருக்கும் 'க்' ஒலிக்காது. முதல் அணி 1952 தொடக்கத்தில் படிப்பைத் தொடங்கியது. பயிற்சி இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 150 பேர் புதிதாகச் சேர, ஒரே நேரத்தில் 300 பேர் அளவில் அங்கே இருந்தார்கள். 1955-இல் உல்வர்ஹாம்ப்டனுக்கு அருகே பிரின்ஸ்ஃபோர்ட் லாட்ஜ் என்ற இரண்டாவது கல்லூரியும் சேர்ந்துகொண்டது. கிர்க்பி 1962 வரை நடந்தது. அங்கிருந்து மட்டும் ஏறக்குறைய 1,500 ஆசிரியர்கள் நாடு திரும்பினார்கள்.

பயணத்தை நினைத்துப் பாருங்கள். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் ரயில் பாதை 1909-இல் முடிந்தது. பெக்கோக் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. இன்று இரட்டைத் தண்டவாளம், மின்சார ரயில் எல்லாம் வந்துவிட்டன. அன்று அவசரகாலத்தில் ரயிலில் ஏறுவதே துணிச்சலான காரியம், ஏனென்றால் தண்டவாளத்தைப் பெயர்ப்பதும் ரயிலைச் சுடுவதும் நடந்துகொண்டிருந்தன. தெற்கே சிங்கப்பூரிலோ வடக்கே பினாங்கிலோ கப்பல் ஏற வேண்டும். கொழும்பு, ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியத் தரைக்கடல் என்று மூன்று, நான்கு வாரம் கடலிலேயே போகும். 1956 நவம்பரில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டதும், அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. சூயஸ் நெருக்கடியை உலக வரலாற்றுச் செய்தியாக மட்டும் படிக்கிறோம். கப்பலில் போய் வந்த மலாயாக்காரருக்கு அது வீடு இன்னும் பல நாள் தள்ளிப்போன செய்தி.

இறங்கிய இடமும் வளம் கொழிக்கும் நாடாக இல்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். போரில் வென்ற பிரிட்டன் அப்போதும் பங்கீட்டு அட்டையோடுதான் வாழ்ந்தது. சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. இறைச்சிக்கு 1954 ஜூலை வரை காத்திருந்தார்கள். ஆக, முதல் அணி மாணவர்கள் அரிசியை அளந்து கொடுத்த மலாயாவிலிருந்து சர்க்கரையை அளந்து கொடுத்த இங்கிலாந்துக்குப் போனார்கள்! லிவர்பூல் 1941 மே மாத விமானத் தாக்குதலில் அடிபட்ட நகரம். வெள்ளைக்காரன் நாடு என்றால் எல்லாம் பளபளப்பாக இருக்கும் என்று எண்ணிப் போனவர்களை, குண்டு விழுந்த இடிபாடுகளும் கரிப்புகை படிந்த சுவர்களும் வரவேற்றன. காலனி ஆட்சியாளரைத் தோட்டத்துப் பங்களாவில் மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு மலாயா இளைஞனுக்கு, அங்கே குப்பை அள்ளுபவரும் மூட்டை தூக்குபவரும் வெள்ளைக்காரராக இருந்ததே ஒரு தனிப் பாடம் என்பேன். "துரை" என்ற சொல்லுக்குள் இருந்த அச்சம் அங்கேதான் கழன்றிருக்கும்.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெக்கோக் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பாகை வடக்கில் இருக்கிறது. கிர்க்பி ஐம்பத்து மூன்று பாகைக்கும் மேலே. இங்கே ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம். அங்கே டிசம்பரில் காலை எட்டு மணிக்கும் விடியாது, மாலை நான்குக்கே இருட்டிவிடும். மலாயா நேரம் அப்போது கிரீனிச்சை விட ஏழரை மணி முன்னால் இருந்தது. அங்கே காலையில் பசியாறும் நேரத்தில் இங்கே பிற்பகல் ஆகியிருக்கும். நினைத்தவுடன் பேசக் கைப்பேசியா இருந்தது? வான்மடல் ஒன்றை எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் போன முதல் வாரமே "அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அழைப்பதை நினைத்தால், இரண்டு ஆண்டு எவ்வளவு நீளம் என்று புரியும்.

இன்றைய பரிமாற்ற மாணவருக்கும் கிர்க்பி மாணவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பரிமாற்ற மாணவர் அந்நியக் குடும்பத்தில் தனியாளாக வாழ்கிறார், சுற்றி இருப்பவர் எல்லாம் ஐரோப்பியர். கிர்க்பியில் 300 மலாயாக்காரர்கள் ஒரே வளாகத்தில் வாழ்ந்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், யுரேசியர் என எல்லா இனத்தவரும், எல்லா மாநிலத்தவரும் இருந்தார்கள். பயிற்சிக்காக அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். மற்ற நேரத்தில் தங்களுக்குள்ளேதான் பழகினார்கள். ஊரில் தோட்டம், கம்பம், பட்டணம் என்று தனித்தனியாக வளர்ந்தவர்கள், ஒரே கூடத்தில் சாப்பிட்டு, ஒரே குளிரில் நடுங்கி, ஒருவர் பண்டிகையை ஒருவர் கொண்டாடினார்கள். என் கருத்தில், அவர்கள் அங்கே ஐரோப்பாவைப் பார்த்ததைவிட மலாயாவைப் பார்த்ததுதான் அதிகம்.

இனி 1956-க்கு வருவோம். மாணவர்களே, இந்தத் தேதிகளை வரிசையாக மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சுதந்திரப் பேச்சுக்குச் சென்ற குழு ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் 'ஏசியா' என்ற கப்பலில் ஏறியது. கராச்சி வரை கடல், அங்கிருந்து லண்டனுக்கு விமானம். விமானத்திலேயே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆட்சியாளர்களின் பிரதிநிதிகள் நால்வரும் கூட்டணியின் நால்வரும் லண்டன் போவதற்குள் ஒருமித்த கருத்துக்கு வந்தாக வேண்டும். அதற்குத்தான் கப்பலில் கிடைத்த அந்த நாட்கள். ஆட்சியாளர்கள் தரப்பில் பங்லிமா புக்கிட் கந்தாங், அப்துல் அஸிஸ் மஜிட், முகமட் செத் சைட், நிக் அகமட் கமில். கூட்டணி தரப்பில் துங்கு, அப்துல் ரசாக், டாக்டர் இஸ்மாயில், கர்னல் எச்.எஸ். லீ. அந்த எட்டுப் பேரில் இந்தியர் ஒருவரும் இல்லை. ம.இ.கா. கூட்டணியில் இருந்தும் குழுவில் இடமில்லை. இதைப் பாடம் நடத்தும்போது தாண்டிப் போக வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். பிள்ளைகளே கேட்பார்கள், கேட்கட்டும்.

லண்டன் பேச்சு ஜனவரி 18 அன்று லங்காஸ்டர் மாளிகையில் தொடங்கியது. பிப்ரவரி 8 அன்று துங்குவும் காலனி அமைச்சர் லெனக்ஸ்-பாய்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். துங்கு பிறந்தது 1903 பிப்ரவரி 8. ஆக அன்று அவருக்கு 53 வயது நிறைந்தது. ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். 1957 ஆகஸ்ட் இறுதிக்குள், 'இயன்றால்', சுதந்திரம் பிரகடனம் செய்யப்படும் என்றிருந்தது. அந்த 'இயன்றால்' ஒரு வழுக்குப் பாறை. அரசியலமைப்பு எழுதப்படவில்லை, அவசரகாலம் முடியவில்லை என்று எதைக் காட்டியும் காலனி அரசு தேதியைத் தள்ளிப்போட அந்த ஒரு சொல் போதும்.

இப்போது பிப்ரவரி 7-க்குத் திரும்புங்கள். கையெழுத்துக்கு முந்தைய நாள்! லண்டனிலிருந்து கிர்க்பி 300 கிலோமீட்டருக்கும் மேல். 1956 பிப்ரவரி ஐரோப்பா முழுவதையும் உறைய வைத்த மாதம் என்று வானிலை வரலாற்றில் பெயர் வாங்கியது. அந்தக் குளிரில் அவ்வளவு தூரம் போய், பயிற்சி ஆசிரியர்கள் நடுவே நின்று, 1957 ஆகஸ்ட் 31 என்று துங்கு சொன்னார். கூடம் ஆர்ப்பரித்தது. அந்தப் பேச்சில் 'இயன்றால்' இல்லை. ஒரு தேதியைச் சொல்லிவிட்டால், அதுவும் நாளைக்கு ஊர் ஊராகப் போய் வகுப்பறையில் பேசப் போகிற ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டால், பிறகு அதை யார் திரும்ப வாங்க முடியும்?

துங்கு ஏன் அவர்களைத் தேடிப் போனார் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் தோன்றுகிறது. அவரே பதினேழு வயதில், 1920-இல், கெடா மாநில உபகாரச் சம்பளத்தில் கப்பலேறி இங்கிலாந்து போனவர். முதலில் லிட்டில் ஸ்டக்லி என்ற சிற்றூரில் தங்கித் தனிப்பாடம் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ் செயின்ட் கேதரின்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1925-இல் பட்டம் பெற்றார். சட்டப் படிப்பை முடிக்கப் போருக்குப் பின் நாற்பது வயதைத் தாண்டி மறுபடி லண்டன் போக வேண்டியிருந்தது. தூர தேசத்தில் மாணவனாக இருப்பது என்னவென்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இது என் ஊகம்தான், விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

தேர்வு எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. பெங்கூமுமான் வேறு, பெமஷூரான் வேறு. தேதி அறிவிப்பு மலாக்காவில் 1956 பிப்ரவரி 20. சுதந்திரப் பிரகடனம் மெர்டேக்கா அரங்கில் 1957 ஆகஸ்ட் 31. மலாக்காவைத் தேர்ந்தெடுத்த காரணமும் கேட்பார்கள். 1511-இல் போர்த்துகீசியரிடம் வீழ்ந்து, அந்நியர் ஆட்சி தொடங்கிய மண் அது. உள்நாட்டு மக்களுக்கு முறைப்படி அறிவித்த இடம் என்பதால் மலாக்காதான் விடை. கிர்க்பியை விடையாக எழுதினால் மதிப்பெண் போகும். அதைக் கூடுதல் செய்தியாக ஒரு வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் தேதியோடு.

இனி அந்தப் பின்வரிசைப் பையன் அடுத்து கேட்ட கேள்வி. "நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க யாராச்சும் போனாங்களா சார்?"

கிர்க்பிக்குப் போக என்ன வேண்டும் என்று பார்ப்போம். ஆங்கில இடைநிலைப் பள்ளியில் படித்து, சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியிருக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றது. பல இடங்களில் அதுவரைகூடப் போகவில்லை. அதற்கு மேல் தமிழில் இடைநிலைப் படிப்பு கிடையாது. ஆங்கிலப் பள்ளிக்கு மாற வேண்டுமானால் சிகாமட், குளுவாங் போன்ற பட்டணத்துக்குப் போக வேண்டும். சம்பளம் கட்ட வேண்டும், ஊரடங்குக்கு முன் வீடு திரும்ப வேண்டும், விடியற்காலையில் அப்பா அம்மாவோடு மங்கு துடைக்க ஆளில்லாமல் போகும். ஆகவே கிர்க்பி போன இந்தியர்களில் பட்டணத்துப் பிள்ளைகளே மிகுதி. கிராணி, ரயில்வே ஊழியர், மருத்துவமனைப் பணியாளர், கடைக்காரர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகள். மரம் சீவுபவரின் பிள்ளைக்கு அந்தக் கப்பலின் ஏணி முதல் படியிலேயே எட்டவில்லை. இதை யாரும் திட்டமிட்டு எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கோ பயிற்சி வேறு மாதிரி. வாரம் முழுக்க வகுப்பு நடத்திவிட்டு, வார இறுதியில் பயிற்சி வகுப்புக்குப் போய், பகுதி நேரமாகவே ஆசிரியராகத் தேறியவர்கள் அவர்கள். ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒருவருக்குக் கடல் கடந்த இரண்டு ஆண்டுக் கல்லூரி வாழ்க்கை, மற்றவருக்கு லயத்து விளக்கில் வீட்டுப் பாடம். 1956 மே மாதம் வெளிவந்த ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்து, பொதுப் பாடத்திட்டம் தந்த பிறகுதான் இந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கத் தொடங்கியது. லண்டன் குழுவில் இருந்த அதே ரசாக்தான் அந்தக் கல்விக் குழுவுக்கும் தலைவர் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். கட்டுரைக் கேள்விக்கு இந்த இணைப்பு கைகொடுக்கும்.

கிர்க்பியில் படித்து வந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலர் நாடு திரும்பி, மழைக்கு ஒழுகும் பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்து, தலைமையாசிரியர்களாகவும் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர்களாகவும் உயர்ந்தார்கள். அவர்களிடம் படித்த தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் பிறகு தாங்களே ஆசிரியர்களானார்கள்.

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இன்று இருந்தால் தொண்ணூறு வயதை ஒட்டியிருப்பார்கள். ஆகவே பள்ளி விடுமுறைக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில், உறவில், ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவரைத் தேடிப் போங்கள். கிர்க்பி, பிரின்ஸ்ஃபோர்ட் என்று அங்கே பயின்றவராக இருந்தாலும் சரி, வார இறுதி வகுப்பில் தேறிய தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தாலும் சரி. எந்தக் கப்பலில் போனீர்கள், எந்த ரயிலில் ஏறினீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு, அறையில் உடன் இருந்தவர் யார், வீட்டுக்கு முதல் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேளுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், தேதியும் பெயர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கேட்டதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு, உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கொடுங்கள்.